ஏழு குதிரையும் ஒரு கூடை லத்தியும்

கேள்வி: கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் இன்னும் மாடு பூட்டி உழுகிறார்கள். ஏழு குதிரைத்திறன் பவர் டில்லர் மானியத்தில் கிடைக்கிற காலத்தில் இது வெறும் வீம்பு இல்லையா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: 'குதிரைத்திறன்' என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேயே நின்றுவிட்டேன். அந்த அளவைப் பிரபலமாக்கியவர் ஜேம்ஸ் வாட். நீராவி எஞ்சினை விற்க வேண்டும். இத்தனை குதிரைக்குச் சமம் என்றால்தான் வாங்குகிறவனுக்குப் புரியும். ஒரு குதிரைக்கு 746 வாட் என்கிறோம் இப்போது. அந்த வாட்டும் அவர் பெயர்தான், ஆசை விடவில்லை. ஆனால் மனிதர் குதிரை இழுத்ததை அளந்தாரே தவிர, போட்டதை அளக்கவில்லை. உங்கள் டில்லரில் பூட்டிய ஏழு குதிரையும் சேர்ந்து ஒரு கூடை லத்தி போடுமா? பூம்பாறை மாடு ஒன்று நாளைக்குப் பத்துக் கிலோ சாணி போடும். தொழுவுரமாக அது பூண்டுப் பாத்திக்கே போய்ச் சேரும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டின் காரத்தில் அந்தச் சாணிக்கும் பங்குண்டு என்பது என் கட்சி.

ஒருமுறை அங்கே மேழி, அதாவது கலப்பையின் கைப்பிடி, பிடித்துப் பார்த்தேன். பத்தடிகூடப் போகவில்லை. "கோழி கிளறுன மாதிரி இருக்கு சார்" என்று வாங்கிக்கொண்டார் மாட்டுக்காரர். அவர் கையில் மரக்கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போனது, புரட்டிப் போடவில்லை. உழுத சால் சரிவுக்குக் குறுக்கே ஓடியது. மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. பக்கத்துப் படிக்கட்டு வயல் அடுக்கில் டில்லர் ஓட்டிய மண்ணோ சலித்த கேப்பை மாவு. ஐப்பசி மழைக்கு மாவு நிற்குமா? கீழ் அடுக்குக்காரருக்கு இனாம். வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் சுற்றும் டில்லர் கத்தி அடிமண்ணையும் இறுக்கிவிடும், தண்ணீர் இறங்காது. அதற்காக மாடு பூட்டியவர் எல்லாம் புண்ணியவான் என்று சொல்லவில்லை. சரிவோடு ஏர் ஓட்டினால் மாட்டு உழவிலும் மண் போகும்.

ஒரு ஜோடி மாட்டுக்கு வருஷம் முழுக்கத் தீனிச் செலவு என்ன என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, தப்பித்தேன்.

நிஜக் குதிரைத்திறன் பார்க்க வேண்டுமானால், வண்டி போகாத தோட்டங்காட்டிலிருந்து மூட்டை சுமந்து மேடேறும் பழனிமலைக் குதிரையைப் பாருங்கள். ஏரிக்கரையில் செல்ஃபிக்கு நிற்கிறதே, அது வேறு இலாகா.

பி.கு.: 'குதிரைத்திறன்' என்பதில் ஒற்று மிகாது என்று போன வருஷம் மூன்று கார்டு போட்ட தமிழாசிரியருக்கு: மிகும் ஐயா. நான்காவது கார்டு வேண்டாம்.