கிளிநொச்சியில் இருந்து ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறேன். அதை யாராவது வாசிப்பார்களா?

பெரிய படிப்பு இல்லை, இசை உலகில் யாரையும் தெரியாது, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதை உண்மையான வாத்தியக்காரர்கள் வாசிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பதில் போட்டவர், "கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்ப் பாருங்கள், வன்னியில் இருந்துகொண்டு சிம்பொனி எதற்கு" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. நானும் கிளிநொச்சிதான். பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். நான் எழுதியதை ஒரு வாத்தியக் குழு வாசித்திருக்கிறது. ஆகவே வழி உண்டு.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் றோயல் பில்ஹார்மொனிக் ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டு தன் சிம்பொனியை அரங்கேற்றினாரே, அதற்குப் பிறகு உங்களுக்கும் கை துறுதுறுத்திருக்கும். இசைக் குறியீடு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் இலவசம். இறக்கி வைத்துக்கொண்டு இரவிரவாக முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதியிருப்பீர்கள். ஹெட்போனில் வடிவாகவே கேட்கும். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் உங்களுடையதில் முதலில் வாசிக்கப்படப் போவது அது இல்லை. கணக்கைப் பாருங்கள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் இரண்டிரண்டு, ஹோர்ன் 4, ட்ரம்பெட் 2, ட்ரொம்போன் 3, ஒரு டியூபா, டிம்பனி, இன்னொரு தாள வாத்தியம், நரம்பு வாத்தியங்களில் 5 பகுதி. மொத்தம் 25 தனித்தனிப் பார்ட், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதன் பகுதியை மட்டும் எழுதிய தாள். பெயர் தெரியாத ஒருவருக்காக அத்தனை பேரையும் உட்கார வைக்க எந்தக் குழுவும் இலகுவில் சம்மதிக்காது.

நரம்பு வாத்தியங்களுக்கு மட்டும் எழுதினால் ஐந்தே பார்ட்தான்: முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபிள் பேஸ். ஆறேழு நிமிடத்துக்குள் வாசித்து முடிகிற மாதிரி எழுதுங்கள். ஒரு இளையோர் குழு தன் ஒத்திகையின் கடைசி அரை மணியில் அதை வாசித்துப் பார்க்கலாம். பரிசைத் தேடாதீர்கள், அந்த அரை மணியைத் தேடுங்கள்.

எனக்குக் கிடைத்ததும் அதுதான். நான் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதி, சப்பாணி கட்டி இருந்து வயலின் வாசித்து வளர்ந்த ஆள். மேலைத்தேய இசைக் குறியீட்டைக் கிறிஸ்தவக் கோயிலில் ஓர்கன் வாசிக்கிற ஒரு அக்காவிடம் பிடித்துக்கொண்டேன். என் அம்மப்பா முள்ளியவளைப் பக்கம் கூத்தாடியவர். வயல் வரம்பில் அவர் இழுத்து இழுத்துப் பாடிய ஒரு மெட்டை வைத்து ஒன்று எழுதினேன். கொழும்பில் ஒரு குழு, உள்நாட்டில் எழுதுகிறவர்களின் புதிய படைப்புகளை வாசித்துப் பார்க்க விண்ணப்பம் கேட்டிருந்தது. படிவம் ஆங்கிலத்தில் மட்டும். "இசையமைப்புக் கற்பித்தவர் யார்" என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் போகாது. அம்மப்பாவின் பெயரை எழுதி அனுப்பினேன்.

கூப்பிட்டார்கள். இரவு பஸ்ஸில் போனேன். முறிகண்டியில் எல்லோரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கினார்கள். நான் பார்ட்டுகள் இருந்த பையை மடியை விட்டு இறக்கவில்லை, இருந்த இடத்திலேயே கும்பிட்டேன்.

ஒத்திகையில் இரண்டாம் பக்கத்தில் மெட்டு வளைந்து இறங்கும் இடம் வந்தது. இழுத்து வாசிக்க வேண்டும் என்பதற்கு நெளிகோடு போட்டு எழுதியிருந்தேன். ஸ்வரங்கள் பிழையில்லாமல் வந்தன, ஆனால் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தன. முதல் வயலின் வரிசையின் தலைமையில் இருந்த பெண் வில்லைக் கீழே இறக்கி, "நீங்கள் வாசித்தால் இது எப்படி வரும், காட்டுங்கோ" என்று தன் வயலினையே நீட்டினார். நான் தரையில் இருந்துகொண்டேன். நின்றுகொண்டு, தாடைக்குக் கீழே வைத்து வாசிக்க எனக்கு வராது. எங்கள் சுருதி சேர்க்கையும் வேறு என்பதால் ஒரே தந்தியில், ஒரே விரலால், அந்த இறக்கத்தை மட்டும் இழுத்துக் காட்டினேன். திரும்பவும் ஒரு தரம் கேட்டார்கள். பிறகு எல்லோரும் பென்சிலை எடுத்து விரல் இலக்கத்தைப் பார்ட்டில் குறித்தார்கள். அடுத்த தடவை வாசித்தபோது, யாரும் சொல்லாமலே செல்லோக்காரர்களும் அதே இழுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மப்பாவின் தொண்டையில் மட்டும் நான் கேட்டிருந்த இழுப்பு அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. தரையை விட்டு எழும்ப எனக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் பிறகு வெளியிட்ட அறிவிப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. என்னுடையது "வடக்கின் நாட்டார் மெட்டு" என்று மட்டும் வந்தது. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. வாசித்தவர்களில் எனக்குக் குறை இல்லை, பெயரை விட்டவர்களில் இன்னும் கோபம் உண்டு. உங்கள் பெயரையும் ஆண்டையும் எல்லா வாத்தியமும் சேர்ந்து இருக்கிற ஸ்கோரில் மட்டுமில்லை, ஒவ்வொரு பார்ட்டின் முதல் பக்கத்திலும் போடுங்கள்.

கர்நாடக சங்கீதம் படித்தவர் இதற்குள் ஏன் போகிறார் என்று சிலர் வருவார்கள், தெரியும். வயலினே வெளியில் இருந்து வந்ததுதான். அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதரை இன்று யாரும் குறை சொல்வதில்லை. போர் முடிந்தும் கஷ்டப்படுகிற சனத்துக்கு ஆர்கெஸ்ட்ரா தேவையா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: கஷ்டப்பட்ட இடத்துப் பிள்ளைக்கு இது போதும், இது வேண்டாம் என்று அளந்து கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் சங்கீத ஆசிரியரின் நினைவு எப்போது வரும்? பிரமுகர் யாராவது வந்தால் வரும். "ரீச்சர், நாளைக்கு ஒரு வரவேற்புப் பாட்டு." சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் சங்கீத பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். நன்கொடையாக வந்த ட்ரம்பெட்டும் யூஃபோனியமும் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும், விளையாட்டுப் போட்டிக்கும் வாசலில் இருந்து மேடை வரைக்கும் ஆட்களை அழைத்துப் போவதற்கும்தான் திறப்பு வெளியே வரும். வால்வுக்கு எண்ணெய் விடாமல் இறுகிப்போன ட்ரம்பெட்டை ஒரு பிள்ளை இரண்டு கையாலும் அமத்திப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். கேட்டால், பாண்ட்தானே என்கிறார்கள். அந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு உங்கள் ஹோர்ன் பார்ட்டை வாசிக்க வேண்டியவர்கள். அதனால் அருகில் இருக்கிற பாண்ட் பொறுப்பாசிரியரோடு கதைத்து, அவர்களிடம் இருக்கிற வாத்தியங்களுக்கென்றே மூன்று நிமிடம் வாசிக்கக்கூடிய ஒன்று எழுதிக் கொடுங்கள். ட்ரம்பெட் பிள்ளைக்கு எங்கே மூச்சு வாங்கும் என்று எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

சரி, வெளி வாய்ப்புகள். கொழும்பில் 1958 முதல் இயங்கும் இலங்கை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. எடுத்த எடுப்பில் ஸ்கோரை அனுப்பாமல், ஒத்திகையில் ஒரு மூலையில் இருந்து பார்க்கலாமா என்று எழுதிக் கேளுங்கள். தெற்காசிய நாட்டு வாத்தியக்காரர்களைச் சேர்த்து 2019 இல் மும்பையில் முதல் நிகழ்ச்சி செய்த தெற்காசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவையும் கவனித்து வாருங்கள். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் பனுஃப்னிக் திட்டம் 2005 முதல் ஆண்டுக்கு ஆறு இசையமைப்பாளர்களுக்கு ஆர்கெஸ்ட்ராவோடு வேலை செய்ய இடம் கொடுக்கிறது. இப்படியானவற்றில் அந்த நாட்டில் வசிக்க வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். டோக்கியோவின் தகெமிட்சு இசையமைப்பு விருதுக்கு எந்த நாட்டவரும் 35 வயது வரை அனுப்பலாம். ஆண்டுக்கு ஒரே ஒரு நடுவர். இறுதிக்கு வருகிறவற்றை முழு ஆர்கெஸ்ட்ரா மேடையில் வாசிக்கும். உங்கள் பெரிய படைப்பை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். புடாபெஸ்ட், பிராக், ஸ்கோப்யே நகரங்களில் காசுக்கு ஒலிப்பதிவு செய்து தரும் ஆர்கெஸ்ட்ராக்கள் உண்டு, இணையம் வழியே வீட்டில் இருந்தே கேட்கலாம். கனடாவில் அண்ணா இருந்தால் யோசியுங்கள், இல்லாவிட்டால் கடன்பட்டு அதற்குப் போக வேண்டாம். நுழைவுக் கட்டணம் அதிகமாகக் கேட்கிற, ஆனால் எந்தக் குழு வாசிக்கும் என்று சொல்லாத போட்டிகளுக்கும் போக வேண்டாம்.

எங்கே அனுப்பினாலும் பார்ட்டில் கவனம் வையுங்கள். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு வரவேண்டும். இடத்தைக் காட்ட A, B என்று போடுகிற ஒத்திகை எழுத்தும் பார் (bar) இலக்கமும் ஸ்கோரிலும் பார்ட்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். நீண்ட ஓய்வு முடிகிற இடத்தில் அடுத்தவர் வாசிக்கிற வரியைச் சிறிய எழுத்தில் காட்டுங்கள். உங்கள் அரை மணியில் பத்து நிமிடம் "எங்கே இருக்கிறோம்" என்று கேட்பதிலேயே போய்விடக் கூடாது.

ஐந்து பகுதியில் ஏதாவது எழுதினால் எனக்கு அனுப்புங்கள். முதல் வயலின் பார்ட்டை மட்டும் அனுப்பினாலும் போதும். வில் குறிகளைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.