'ச்சோப்', 'ச்சாப்' இரண்டும் ஒரே சொல்லா?

"உணவங்காடியில் இடம் பிடிப்பதை ச்சோப் என்கிறோம். பழைய ஆங்கில பைபிளில் ச்சாப் என்றொரு வினைச்சொல் வருகிறது. கடைசியில் ஒரு 'ஈ' எழுத்துதான் வித்தியாசம். இரண்டும் ஒன்றா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றில்லை. உறவும் கிடையாது.

மத்தியானம் இங்கே சிங்கப்பூரில் தேக்கா நிலையத்து உணவங்காடிக்குப் பசியாறப் போய்ப் பாருங்கள். பிரியாணிக் கடை முன்னால் வரிசை நிற்கும். மேசையில் ஆள் இருக்காது. ஒரு டிஷ்யூ பொட்டலமும் பக்கத்தில் மடக்கிய குடையும் இருக்கும். அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள். ஊரில் பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதுதான் ச்சோப்.

அதன் வேரை முத்திரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழக்கம். இந்தியில் 'சாப்' என்றால் பதித்த அடையாளம். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் புகுந்தது. இன்றும் இங்கே அலுவலகங்களில் 'கம்பெனி ச்சாப்' குத்தித்தான் கடிதம் கொடுக்கிறார்கள். அந்தப் பொட்டலத்தை மேசைமேல் குத்திய முத்திரையாக நினைத்துப் பாருங்கள், பொருள் சட்டென்று பொருந்தும். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது.

நீங்கள் பைபிளில் பார்த்த ச்சாப் சந்தையில் பிறந்தது. பண்டம் மாற்றுவது, பேரம் பேசுவது என்று பொருள். மலிவு என்ற பொருளில் நாம் சொல்லும் 'சீப்' அதற்குச் சொந்தம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வியாபாரம் என்றே பொருள். லண்டனின் சீப்சைட் தெரு ஒரு காலத்துச் சந்தை. வில்லியம் டிண்டேல் 1526-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தேவவசனத்தை 'ச்சாப் அண்ட் சேஞ்ச்' செய்கிறவர்களைப்போல் நாங்கள் இல்லை என்கிறார் பவுல். நம் தமிழ் பைபிளில் அந்த இடம் 'கலப்பாய்ப் பேசாமல்' என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பதோ சில்லறை வியாபாரியின் சொல். டிண்டேல் அந்தக் கடைத்தெரு வாசனையை அப்படியே பிடித்துவிட்டார்!

தனி வினையாக அது இப்போது வழக்கில் இல்லை. அந்தத் தொடர் மட்டும், அடிக்கடி மனம் மாறுவது என்ற பொருளில் பிழைத்திருக்கிறது. கறி வெட்டும் ச்சாப் வேறு, அதை இதில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், நான் ஆங்கிலம் சொல்லித்தரும் பிள்ளைகளும் ச்சோப்பைக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்பார்கள். பாத்திரம் பேசுகிற இடத்தில் தாராளமாக எழுதலாம். மற்ற இடங்களில் 'ரிசர்வ்' என்றே எழுதச் சொல்வேன்.