ஆலயப் பாடல்களும் பதிப்புரிமையும்

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவினர் கட்டணம் செலுத்தாமல் இணையத்திலிருந்து இசைத்தடங்களைத் தரவிறக்கி, பென் டிரைவில் பகிர்ந்துகொள்கிறார்கள். கேட்டால், "தேவனுக்குரிய பாட்டுக்கு விலை எதற்கு?" என்கிறார்கள். இது சரியா? – வாசகி, வெள்ளவத்தை.

பதில்: பாடல் தேவனுக்குரியதுதான், ஆனால் அதை இயற்றியவரும், வாத்தியம் வாசித்தவரும், ஒலிப்பதிவு செய்தவரும் அரிசியையும் பருப்பையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். வேலையாள் தன் கூலிக்குத் தகுதியானவன் என்று இயேசு சொன்னது (லூக்கா 10:7) ஊழியத்துக்குப் புறப்பட்ட எழுபது பேரைக் குறித்தே என்பதால், 'ஊழியம்தானே' என்ற சாக்கு இங்கே எடுபடாது. "களவு செய்யாதிருப்பாயாக" என்னும் கட்டளை கையால் தொடக்கூடிய பொருளுக்கு மட்டுமே உரியதென்று வாதிடுவோர், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை (5:4) வாசிக்கட்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் படைப்பாளியின் ஆயுட்காலத்திலும், அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் அவரது பொருளாதார உரிமைகளைப் பாதுகாக்கிறது. ஆகவே, பழங்காலக் கீர்த்தனைகளின் சொற்களையும் மெட்டையும் தாராளமாகப் பாடலாம். அவற்றை அண்மையில் ஒருவர் செலவழித்துப் பதிவுசெய்த இசைத்தடம் வேறு விடயம். இளைஞர்களைக் கடிந்துகொள்வதற்கு முன், பாடல் வாங்குவதற்கென்று சபை எப்போதாவது பணம் ஒதுக்கியதா என்றும் விசாரியுங்கள். படைப்பாளியே இலவசமாக வழங்கியிருந்தால் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.