சிப்பிப்பாறை நாயைக் கீழ்ப்படிதல் போட்டிக்குப் பயிற்றுவிக்க முடியுமா?

முடியும். கேள்வி கேட்டவரின் அவிநாசித் தோட்டத்தில் எட்டு மாதச் சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்று வளர்கிறது. அவர் அணுகிய பயிற்சியாளர் ஒருவர், “வேட்டை நாய்க்கு ஓடத்தான் தெரியும், போட்டிக்குப் போக வேண்டுமென்றால் ஜெர்மன் ஷெப்பர்டோ லாப்ரடாரோ வாங்குங்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பல ஆண்டுகளாகச் சிப்பிப்பாறைகளை வளர்த்து, கோவையில் நடக்கும் கீழ்ப்படிதல் போட்டிகளில் (ஒட்டி நடப்பது, உட்காருவது, கூப்பிட்டால் வருவது என்று நாய் சொன்னதைச் செய்வதற்கு மதிப்பெண் தரும் போட்டிகள்) அவற்றை இறக்கி வருபவன் என்ற முறையில், அந்த முடிவு தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஸ்டான்லி கோரன், வட அமெரிக்கக் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களின் கருத்துகளைத் திரட்டி, 1994இல் நாய் இனங்களை வரிசைப்படுத்தினார். பார்டர் கோலி முதலிடத்திலும் ஆப்கன் ஹவுண்டு கடைசியிலும் நின்றன. ஆப்கன் ஹவுண்டு, சிப்பிப்பாறை போலக் கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் இனங்கள் மந்தமானவை என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது. ஆனால் கோரனே நாயின் அறிவை மூன்றாகப் பிரித்திருந்தார்: இனத்துக்கே உரிய இயல்புத் திறன், தானாகச் சிக்கலைத் தீர்க்கும் திறன், மனிதன் சொன்னதைச் செய்யும் திறன். பட்டியல் அளந்தது மூன்றாவதை மட்டுமே. நம் நாட்டு இனங்களான சிப்பிப்பாறையோ கன்னியோ இராஜபாளையமோ அந்த அளவீட்டுக்குள் வரவே இல்லை.

பார்டர் கோலி ஆட்டு மந்தையை வளைக்கும்போது மேய்ப்பனின் சீழ்க்கைக்கு ஏற்பத் திரும்புகிறது. அவனுடைய கட்டளை இல்லாமல் அதன் வேலை நடக்காது. விருதுநகர்ச் சீமையின் கரிசல் காட்டில் முயலைத் துரத்த வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறைக்கோ ஆளைத் திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. முயல் திரும்பும் கணத்தில் தானும் திரும்ப வேண்டும், எங்கே குறுக்கே விழுவது என்று தானே முடிவெடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படி முடிவெடுத்த நாய், “உட்கார்” என்றவுடன் உட்காராமல் ஒரு நொடி நம் முகத்தைப் பார்ப்பது மந்தம் அல்ல. உட்கார்ந்தால் தனக்கு என்ன கிடைக்கும் என்று அது பார்க்கிறது. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பவரிடம் இந்த நாய் ஆசையோடு வேலை செய்யும்.

லாப்ரடாருக்குக் கைநிறையத் தீனி இருந்தால் போதும். சிப்பிப்பாறைக்குத் தீனி பாதி வேலைதான் செய்யும். அவித்த ஈரலையும் முட்டையையும் கூட வயிறு நிறைந்திருந்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அதற்கு உயிரான பொருள் ஓட்டம். டேவிட் பிரிமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் ஒரு விதியை முன்வைத்தார்: ஓர் உயிர் தானாக அதிகம் விரும்பிச் செய்யும் செயலைப் பரிசாக வைத்து, குறைவாக விரும்பும் செயலைப் பழக்கலாம். வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடப் போகலாம் என்று அம்மிச்சி சொல்வது இதே விதிதான். நான் மூங்கில் கழி ஒன்றின் நுனியில் கயிறு கட்டி, கயிற்று முனையில் சாக்குத் துண்டைக் கட்டி வைத்திருக்கிறேன். நாய் என் இடப்பக்கம் ஒட்டி நான்கு அடி நடந்தால், “எடு” என்ற சொல்லோடு சாக்குத் துண்டு மண்ணில் ஓடத் தொடங்கும். நாய் துரத்திப் பிடிக்கும். அடுத்த முறை ஆறு அடி, பிறகு ஒரு திருப்பம், பிறகு நின்றால் உட்காருதல். ஒட்டி நடப்பதுதான் ஓட்டத்துக்கு வழி என்று அதற்குப் புரிந்துவிட்டால், தலையை நிமிர்த்தி, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் வரும். அந்த நடையைப் பார்க்கிற எவரும் இது கீழ்ப்படியாத இனம் என்று சொல்ல மாட்டார். உங்கள் குட்டிக்கு எட்டு மாதம்தான் ஆகிறது என்பதால் எலும்பு முற்றும்வரை துண்டைத் தரையோடு இழுங்கள், உயரத் தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் போதும். நாய் இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். எங்கள் பக்கத்துக் கோடையில் காலை ஏழு மணிக்கு மேல் தரை சுடத் தொடங்கிவிடும் என்பதால் விடியற்காலையே நல்ல நேரம்.

உட்காரும் பயிற்சியில் தனிக் கவனம் வேண்டும். கொழுப்பு இல்லாத உடலும் இறுகிய தொடையும் கொண்ட நாய்க்குக் கடினத் தரையில் நேராக உட்கார்ந்திருப்பது வசதியாக இராது. அது ஒருக்களித்துச் சாயும், அல்லது எழுந்து நிற்கும். போட்டியில் கோணலாக உட்கார்ந்தாலும், இரண்டாம் முறை கட்டளை சொல்ல நேர்ந்தாலும் மதிப்பெண் குறையும். ஆகவே நான்காக மடித்த சாக்கின் மேல் உட்காரப் பழக்கி, சாக்கின் மடிப்பை மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் வெறும் புல்தரைக்குக் கொண்டுவருகிறேன். பின்பாகத்தைக் கையால் அழுத்தி உட்கார வைக்கும் பழைய முறையை அருள்கூர்ந்து தொடவே வேண்டாம். இந்த இனம் வன்மையை மறப்பதில்லை. கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுத்து, அதட்டிப் பழக்கினால், ஜெர்மன் ஷெப்பர்டு பொறுத்துக்கொள்ளக்கூடும். சிப்பிப்பாறை வேலையையே விட்டுவிடும். பிறகு மக்கு நாய் என்ற பெயரும் அதற்கே வந்து சேரும். அதை எண்ணினாலே எனக்கு மனம் பொறுக்காது.

கூப்பிட்டால் திரும்பி வருவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. நீண்ட கயிற்றில், வேலியடைத்த தோட்டத்துக்குள், ஒவ்வொரு முறை வந்தபோதும் மறுபடி ஓட விட்டுப் பழக்குங்கள். வந்தவுடன் கட்டிப்போட்டால் அடுத்த முறை வராது. உயிருள்ள முயலைக் காட்டிப் பழக்கச் சொல்பவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதோடு, போட்டிக்கு அது கேடும் கூட, ஏனெனில் உயிருள்ள இரையைத் துரத்திப் பழகிய நாயைக் கட்டளைக்குத் திருப்புவது பெரும்பாடு. காங்கயம், வெள்ளகோயில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவதால் நாய் வளர்ப்பவர் எல்லார் மீதும் விவசாயிகளுக்குக் கோபம் இருக்கிறது. ஆட்டைக் கண்டும் அசையாமல் படுத்திருக்கும் நாயாக உங்கள் பெட்டையை ஆக்குங்கள். பக்கத்துத் தோட்டத்தாருக்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படாது.

களத்தில் இந்த நாயைக் கெடுப்பது தூரத்து அசைவு. பக்கத்து நாயின் குரைப்பை விட, காற்றில் ஆடும் பந்தல் துணியும் பறக்கும் பாலிதீன் பையும் அதன் கண்ணை இழுக்கும். ஆகவே தோட்டத்தில் தேறிய பிறகு சந்தைக்கு வெளியே, பேருந்து நிலையத்தின் ஓரத்தில், பள்ளி விடும் நேரத்து விளையாட்டுத் திடலுக்கு அருகில் என்று தொலைவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். முதன்முதலில் கோவைக் களத்துக்குள் எங்கள் நாயோடு நுழைந்தபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “ஏனுங்க தம்பி, இந்த நாயெல்லாம் சொன்னாக் கேக்குமுங்களா?” என்று கேட்டார். அவர் பழித்துக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினார். நாய் களத்தின் மறுமுனையிலிருந்து ஒரே அழைப்பில் நேர்கோடாக வந்து என் முன்னால் உட்கார்ந்ததும், தம் வீட்டுக் கன்னி நாயை இனி எப்படிப் பழக்குவது என்று அங்கேயே விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

நம் நாட்டு இனங்கள் பணிக்கு உதவாது என்பவர்களுக்கு இன்னொரு செய்தி: கர்நாடகத்தின் முதோல் நாய்களும் நம் சிப்பிப்பாறையைப் போலவே கண்ணால் துரத்தும் வேட்டை நாய்கள்தாம், அவற்றை 2016இல் இராணுவம் மீரட்டில் உள்ள தன் பயிற்சி மையத்துக்குக் கொண்டுபோய்ப் பழக்கத் தொடங்கியது. இராஜபாளையம் எடுப்பவர்கள் மட்டும் குட்டியின் காதைச் சோதித்து வாங்குங்கள். முழு வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு வருவது உண்டு, அப்படிப்பட்ட குட்டிக்குக் கைச்சைகையால்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், கென்னல் கிளப் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கம்) பதிவு தேவையா, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்தியிருக்க வேண்டுமா என்று நடத்துபவர்களிடம் கேட்டுவிடுங்கள். தோட்டங்களில் கைமாறும் நாட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் பதிவுத் தாள் எதுவும் இருப்பதில்லை. தொடக்கநிலைப் பிரிவில் கயிற்றோடு நடக்க அனுமதி உண்டு, உங்கள் பெட்டைக்கு அது பொருந்தும். அதற்கு முன் ஒரு கண்காட்சிக்கு அவளைப் போட்டியில்லாமல் அழைத்துச் சென்று, பந்தலுக்கு வெளியே உட்கார வைத்துக் கூட்டத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.