ரம்பொடை ஏற்றத்தில் டர்போ இழுக்கவில்லையா?

ஏற்றத்தில் மிதித்தால் இழுக்காமல் ‘ஸ்ஸ்’ சத்தம் வருகிறது, கூம்பு வடிவக் காற்று பில்டர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள், சகோதரரே. இப்போதைக்கு வேண்டாம். மூடியில்லாத பில்டர் பொனட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் உறிஞ்சும்; காசுக்குச் சத்தம் மட்டுமே மிச்சம்.

ரம்பொடை வழியாக ஏறிப் போகும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அதே பூஸ்டுக்கு, அதாவது எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு, டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அதனால் சின்ன ஒழுக்கும் பெரிதாகத் தெரியும்.

நீங்கள் சொல்வது பூஸ்ட் ஒழுக்குப் போலத்தான் இருக்கிறது. எஞ்சின் ஆறியபின் டர்போவின் நுழைவாயை அடைத்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வைத்து 5 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, 10க்கு மேல் போகாமல் காற்று ஏற்றுங்கள். இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் ஒழுகும் இடம் நுரைக்கும். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஹோஸின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்: எண்ணெய் ஊறி உப்பிய றப்பர் வண்டி நிற்கும்போது நல்லதாகவே தெரியும், பூஸ்ட் ஏறினால்தான் வாய் பிளக்கும். புது ஹோஸ் மாட்டுமுன் குழாயின் எண்ணெயைத் துடையுங்கள், இல்லாவிட்டால் கிளிப் இறுக்கியும் வழுக்கிக் கழன்றுவிடும்.

பேப்பர் பில்டர் பனியில் நனைந்து கறுத்திருந்தால் மாற்றுங்கள், ஊதிப் போடாதீர்கள். காற்றளவு சென்சரைச் சுத்தம் செய்ய அதற்கென்றுள்ள ஸ்ப்ரே மட்டும். காபுரேட்டர் கிளீனர் அடித்தால் சென்சர் போச்சு.