வேலியோரம் கத்தினால் ஸ்ட்ரைக் பாலாகாது

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் லிட்டில் லீக் என்ற சிறுவர் லீகில், மேஜர் என்ற வயதுப் பிரிவில் பேஸ்பால் ஆடுகிறான். போன சனிக்கிழமை கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், ரன்னுக்கு ஓடும் வழியிலுள்ள மூன்று பேஸிலும் எங்கள் ஆள். ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். பேட்டர் முன்னே தரையில் பதித்த ஹோம் பிளேட்டுக்கு வெளியே போன பந்தை மூன்றாவது ஸ்ட்ரைக் என்று சொல்லி இவனை அவுட்டாக்கிவிட்டார் அம்பயர். என் கணவர் வேலிவரை போய்க் கத்திவிட்டார். லீக் ஆள் வந்து அவரை வெளியே போகச் சொன்னார். அந்த அம்பயருக்குப் பதினாறு வயதுகூட இருக்காது. பந்து வெளியே போனது எங்கள் மொபைல் வீடியோவில் தெரிகிறது. அன்றே ஒரு தனியார் பயிற்சியாளர், "இங்கே உங்கள் பையனுக்கு நியாயம் கிடைக்காது, என் டிராவல் டீமுக்கு அனுப்புங்கள்" என்றார். ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் ஆடும் தனியார் அணி அது, சீசனுக்கு 2,500 டாலராம். வீடியோவைக் காட்டினால் முடிவை மாற்றுவார்களா? பையனை அங்கே சேர்க்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: முடிவை மாற்ற மாட்டார்கள். அந்த டீமில் இப்போது சேர்க்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பத்து வருடங்களுக்கு மேல் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களில் அம்பயராக, நம் விக்கெட் கீப்பர் மாதிரி நிற்கிற கேட்சருக்குப் பின்னால் குனிந்து நின்றவன் நான். நானும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் உங்கள் அம்பயர் சரியாகத்தான் சொன்னார் என்று சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் உங்கள் வீடியோவை வைத்து அவர் தப்பு என்று நிரூபிக்கவும் முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து ஸ்ட்ரைக் பகுதிக்குள் வந்திருந்தால் 'ஸ்ட்ரைக்', வராவிட்டால் 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பொதுவாக பேட்டர் அவுட். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்தின் ஓரம் அந்தப் பிளேட்டுக்கு மேலே உள்ள வெளியை உரசினாலே போதும், ஸ்ட்ரைக். பந்து கிட்டத்தட்ட மூன்று அங்குலம். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தால் உண்மையில் 23 அங்குலத்துக்குச் சற்றே குறைவான வாசல் அது. வேலிக்குப் பின்னால் ஒரு ஓரத்தில் நின்று, சாய்வாகப் பிடித்த மொபைலில் அந்த வாசல் தெரியவே தெரியாது. தெரிவது கேட்சரின் கையுறை மட்டும்தான். பந்து எங்கே பிடிபட்டது என்பது கணக்கிலேயே கிடையாது, பிளேட்டை எப்படிக் கடந்தது என்பதுதான் கணக்கு. பதினொரு வயதுப் பிள்ளை 46 அடியிலிருந்து எறிகிற பந்து மெதுவாக வரும், கடைசியில் தொப்பென்று விழும். பிளேட்டைத் தாண்டும்போது முழங்காலுக்கு மேல் இருந்தது, கையுறைக்குள் போகும்போது புல்லைத் தொடும். ஸ்ட்ரைக் என்று சொன்னால் பெற்றோர் பக்கமிருந்து 'ஐயோ' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நான் நன்றாக அறிவேன்.

டிவியில் ஸ்ட்ரைக் பகுதி என்று கோடு போட்டுக் காட்டுகிற பெட்டியைப் பார்த்துப் பழகிய கண் இன்னொரு தொல்லை. பெரியவர்களின் தொழில்முறை மேஜர் லீகில் ஸ்ட்ரைக் பகுதியின் மேல் எல்லை கிட்டத்தட்ட மார்புக்குக் கீழேயே முடிந்துவிடும். லிட்டில் லீகில் அக்குளிலிருந்து முழங்காலின் மேல் பகுதி வரை. உங்கள் கணவர் டிவி பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு அளந்தால், மேலே வருகிற பாதி ஸ்ட்ரைக்குகள் அவருக்குப் பாலாகத்தான் தெரியும். (தமிழில் எழுதினால் கறக்கிற பால் மாதிரி இருக்கிறது. என்ன செய்ய, வேறு சொல் இல்லை.)

சரி, அம்பயர் உண்மையிலேயே தப்பு செய்திருந்தால்? அப்போதும் மாறாது. 2010 ஜூன் 2, டெட்ராய்ட். மேஜர் லீக் ஆட்டம். அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர் (பந்தெறிபவர்) 26 பேரை வரிசையாக அவுட்டாக்கிவிட்டார். 27-வது ஆளும் அவுட்டாகிவிட்டால், எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத 'பெர்ஃபெக்ட் கேம்'. அந்த ஆள் முதல் பேஸில் தெளிவாக அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்', அதாவது அவுட் இல்லை, என்று கையை விரித்துவிட்டார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்தவர், தான் தப்பு செய்துவிட்டதாக அவரே வாய்விட்டுச் சொன்னார். நாடே பார்த்தது. மேஜர் லீக் கமிஷனர் பட் செலிக் அப்போதும் முடிவைத் திருத்தவில்லை. அங்கேயே அப்படி என்றால், உங்கள் ஊர்ப் பூங்காவில் சனிக்கிழமை நடந்த ஆட்டத்துக்கு யார் கூடி உட்கார்ந்து விசாரிப்பார்கள்?

லிட்டில் லீக் விதியும் இதையேதான் சொல்கிறது. ஸ்ட்ரைக்கா பாலா, சேஃபா அவுட்டா என்பதெல்லாம் அம்பயரின் கண் சார்ந்த தீர்ப்பு. அதன்மேல் முறையீடு கிடையாது. விதியைத் தப்பாகப் பயன்படுத்தினால் மட்டும் முறையிடலாம்.

இந்த விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒரு இடம் என்னை உறுத்துகிறது. இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், மூன்றாவது ஸ்ட்ரைக். வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள். பந்து பிளேட்டுக்கு வெளியே போனதா என்று பார்க்காதீர்கள். கேட்சர் அதைப் பிடித்தாரா என்று பாருங்கள். கையுறையில் பட்டுக் கீழே விழுந்திருந்தாலோ, முதலில் தரையில் குத்தி எழும்பியிருந்தாலோ, அது பிடித்ததாக ஆகாது. மேஜர் பிரிவில், அப்படிப் பிடிபடாத மூன்றாவது ஸ்ட்ரைக்கில் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். சாதாரணமாக முதல் பேஸ் காலியாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டு அவுட் ஆகிவிட்டால் அங்கே ஆள் இருந்தாலும் ஓடலாம். உங்கள் பையன் ஓடியிருக்கலாம்! மற்ற மூவரும் ஓடியாக வேண்டும். அதனால் மூன்றாவது பேஸ் ஆள் வந்து சேருமுன் கேட்சர் பந்தை எடுத்துக்கொண்டு பிளேட்டை மிதித்தாலே கதை முடிந்திருக்கும், அது வேறு. ஆனால் பந்து தரையில் கிடக்கும்போதே "அவுட், ஆட்டம் முடிந்தது" என்று அம்பயர் கையைத் தூக்கியிருந்தால் அதைக் கண் தவறு என்று தள்ள முடியாது, விதித் தவறு. முறையிட இடம் உண்டு.

யார் முறையிடுவது? நீங்கள் இல்லை, உங்கள் கணவர் இல்லவே இல்லை. டீமின் மேனேஜர். எப்போது? அங்கேயே, அப்போதே, "இந்த ஆட்டத்தின்மேல் புரொடெஸ்ட்" என்று அம்பயரிடம் அவர் சொல்லியிருக்க வேண்டும். பிறகுதான் லீக் தலைவருக்கு எழுத்தில். அன்று வாயைத் திறக்காமல் கிட் பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் கதவு சாத்தியாகிவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். விதிப்புத்தகத்தை ஒருமுறைகூடத் திறக்காத மேனேஜர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாதான்.

அப்புறம் அந்தப் பயிற்சியாளர். அம்பயர்மேல் கோபத்தில் இருக்கிற பெற்றோர்தான் இந்த ஆட்களின் சந்தை. ஜெயித்த பிள்ளையின் அப்பாவிடம் போக மாட்டார்கள். தோற்று, முகம் வாடி, காருக்குப் போகும் வழியில்தான் வந்து தோளைத் தட்டுவார்கள். "உங்கள் பையன் கைக்கு இந்த லீக் சின்னது" என்பார்கள். "குறி வைக்கிறார்கள்" என்பார்கள். எல்லா டிராவல் டீமும் இப்படி இல்லை, ஆனால் உங்களிடம் வந்தவர் பேசிய பேச்சு எனக்கு மனப்பாடம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் போட்டிகளுக்கு அம்பயர் யார்?" பதில் சொல்லத் தடுமாறுவார். நான் சொல்கிறேன். பெரும்பாலும் இதே ஆட்கள்தான். சனிக்கிழமை லிட்டில் லீகில் நிற்கிற அம்பயர், ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கிக்கொண்டு அங்கே நிற்பார். நானும் நின்றிருக்கிறேன். என் கண் அங்கே போனதும் கூர்மையாகிவிடவில்லை.

2,500 டாலர் என்பது நுழைவாயில்தான். சீருடை தனி, பை தனி, குளிர்கால உள்ளரங்கப் பயிற்சி தனி. போட்டிக்கு வெளியூர் போனால் அவர்கள் சொல்கிற ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்று சில இடங்களில் கட்டாயம். நீங்களே தேடினால் பாதி விலையில் அறை கிடைக்கும், ஆனால் எடுக்க முடியாது. முன்பணம் திரும்ப வராது. 'திறமை மதிப்பீடு' என்று ஒரு தாள் தருவார்கள். அதில் எந்தப் பிள்ளையும் சுமார் என்று வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் மகன் பிட்சிங்கும் செய்கிறானா? அப்படியென்றால் இன்னும் கவனம். லிட்டில் லீகில் 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் எல்லை. சனிக்கிழமை இங்கே, ஞாயிறு அங்கே என்று எறிந்தால் இரண்டையும் யார் கூட்டிப் பார்ப்பார்கள்? நீங்கள்தான்.

பையனுக்கு ஆசை இருந்து, கைக்குத் திறமையும் இருந்தால், ஒரு வருடம் கழித்து நிதானமாக வேறு டீம் பார்க்கலாம். கோபத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் கணவர் விஷயம். பதினாறு வயதுகூட இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதும்போது உங்களுக்கே சங்கடமாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு லீக் என்ன பயிற்சி கொடுத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மாலை வகுப்பு, ஒரு முகக்கவசம், ஒரு மார்புக்கவசம். ஒரே ஆளாக நிறுத்திவிடுவார்கள். பிளேட்டையும் பார்க்க வேண்டும், மூன்று பேஸையும் பார்க்க வேண்டும். வெளி ஓரத்துப் பந்து அம்பயர் நிற்கும் இடத்திலிருந்து ரொம்பத் தள்ளி. எங்களைப் போன்ற பழம் பெருச்சாளிகளுக்கே அதுதான் திணறல். பெற்றோர் கத்தும்போது நிர்வாகிகள் முதலில் வேறு பக்கம் பார்ப்பார்கள். அம்பயர் வேலையை விட்டுப் போனதும் "ஆளே கிடைப்பதில்லை" என்று மின்னஞ்சல் அனுப்புவார்கள். ஒருமுறை ஒருவர் என் கார்வரை பின்னாலேயே வந்து திட்டினார். அந்த லீகிடம் சொன்னேன். "இரு தரப்பும் பொறுமை காக்கவும்" என்று பதில் வந்தது. இரு தரப்பாம்! நான் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என் தரப்பு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் மட்டும் 2018–19 முதல் 2021–22 வரை சுமார் 50,000 நடுவர்கள் விலகியதாக அந்தப் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. கொரோனாவும் சேர்ந்த கணக்கு அது, ஆனால் போனவர்களிடம் கேட்டால் முதலில் வருவது பெற்றோர் பேச்சுதான்.

உங்கள் மாநிலத்திலேயே டெப்ட்ஃபோர்ட் என்ற ஊரின் லிட்டில் லீக் 2023-இல் ஒரு விதி போட்டது. அம்பயரிடம் வம்பு செய்கிற பெற்றோர் மூன்று ஆட்டங்களுக்கு அவர்களே அம்பயராக நின்றால்தான் திரும்ப மைதானத்துக்குள் விடுவோம் என்றார்கள். படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் ஏன் எல்லா ஊரும் இதைச் செய்யவில்லை என்று எரிச்சல் வந்தது.

அந்தக் கடைசிப் பந்தையே உங்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருப்பீர்கள், அதனால் ஒரு பழைய கதை. மேஜர் லீக் கோப்பைக்கான 1985 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் அணி 1–0 என்று முன்னிலை, கடைசி இன்னிங்ஸ். கான்சாஸ் சிட்டியின் ஹோர்ஹே ஓர்ட்டா முதல் பேஸில் அவுட், அம்பயர் டான் டென்கிங்கர் சேஃப் என்றார். கான்சாஸ் சிட்டி 2–1 என்று ஜெயித்தது, மறுநாள் கோப்பையும் வாங்கியது. செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் அவரைச் சும்மா விடவில்லை. மிரட்டல் கடிதங்கள், வானொலியில் அவர் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சொன்னார்கள். ஆனால் அந்த ஓர்ட்டா ரன்னே எடுக்கவில்லை! பிறகு மூன்றாவது பேஸில் அவுட்டாகிவிட்டார். நடுவில் செயின்ட் லூயிஸ் ஒரு சுலபமான கேட்சை விட்டது, கேட்சர் ஒரு பந்தைத் தவறவிட்டார். மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் 11–0 என்று உதை வாங்கியது. கோபப்பட்டவர்களின் நினைவில் டென்கிங்கர் மட்டும்தான் இருந்தார். உங்கள் பையன் ஆடியது ஆறு இன்னிங்ஸ். முதல் ஐந்தில் விட்ட ரன்களை யாராவது வீட்டில் பேசினீர்களா?

பெரியவர்கள் ஆட்டத்துக்கு இப்போது வழி வந்துவிட்டது. ஹோம் ரன்னுக்கு (நம் சிக்ஸர் மாதிரி) ரீப்ளே பார்த்துத் தீர்ப்பது 2008-இல் வந்தது, கிரிக்கெட்டில் இந்தியா – இலங்கைத் தொடரில் டிஆர்எஸ்ஸைச் சோதித்த அதே வருடம். சேஃபா அவுட்டா என்பதற்கு 2014-இல்தான். ஸ்ட்ரைக், பால் விஷயத்தில் 2026 பருவம்வரை இழுத்தார்கள். அதுவும் அணிக்கு இரண்டு சேலஞ்ச். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் உடனே தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்ட வேண்டும். அவர் சொன்னது சரியென்றால் சேலஞ்ச் கையிலேயே இருக்கும். கவனியுங்கள், மேனேஜரே கேட்க முடியாது. கேலரியில் இருக்கிற அப்பா எங்கே!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேட்சர் பந்தைப் பிடித்தாரா என்று வீடியோவில் பார்த்து, பிடிக்கவில்லை என்றால், அன்றே புரொடெஸ்ட் செய்தாரா என்று மேனேஜரிடம் மட்டும் கேளுங்கள். வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அதில் வேறு வீட்டுப் பிள்ளைகளின் முகம் இருக்கிறது, அந்த அம்பயர் பிள்ளையின் முகமும் இருக்கிறது. உங்கள் கணவர் லீக் தலைவருக்கு இரண்டு வரி மன்னிப்பு எழுதட்டும், அம்பயருக்கும் சொல்லச் சொல்லி. அடுத்த சனிக்கிழமை அவரை அனுமதித்தால், மடக்கு நாற்காலியை வேலிக்குப் பின்னால் போடாமல் முதல் பேஸைத் தாண்டித் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் பந்து உள்ளே வந்ததா வெளியே போனதா என்று யாருக்கும் தெரியாது.