மகள் கைனேஸ் என்கிறாள், வேலை கிடைக்குமா?

சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

"டாக்டருக்குப் படிம்மான்னா, உயிர்வேதியியல், கைனேஸ்ங்கிறா. அதுக்கு எங்க வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கைனேஸ் என்பது ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித்துணுக்கை ஏற்றி, அதை முடுக்கவோ அடக்கவோ செய்யும் நொதி.

உங்கள் செம்பனையையே (எண்ணெய்ப்பனை) எடுத்துக்கொள்வோம். அடிமரத்தில் கானோடெர்மா காளான் வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும். செடிக்கு நம்மைப்போல் வெள்ளையணு கிடையாது. ஒவ்வொரு செல்லும் தானே காவல் காக்க வேண்டும். பூஞ்சைச் சுவரிலுள்ள கைட்டின் என்ற பொருளைச் செல்லின் மேற்பரப்பிலிருக்கும் புரதங்கள் உணர்கின்றன; சேதியை உள்ளே அனுப்புவது அவற்றோடு சேர்ந்த ஒரு கைனேஸ். நெல்லில் அந்தக் கைனேஸின் பெயர் செர்க்1. உணர்ந்ததும் உள்ளே இருக்கும் கைனேஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றி, சேதியைக் கைமாற்றிக் கொண்டுபோகின்றன. சில நிமிடங்களில் எதிர்ப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. மழை பொய்த்தால் இலைத்துளைகளை மூடவைப்பதும் வேறொரு கைனேஸ் கூட்டம்தான். மனித உடம்பிலும் இதே வித்தைதான்: ஜாக் என்ற வகைக் கைனேஸ்களை அடக்கும் டோஃபாசிடினிப் மருந்து 2012-இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது.

ஆக, மகள் கேட்பது வெற்றுப் படிப்பல்ல. ஆனால் வேலை விஷயத்தில் பூசி மெழுக மாட்டேன். இளங்கலையோடு நின்றால் பெரும்பாலும் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு, இல்லாவிட்டால் ஆய்வுக்கருவி விற்பனை. இரண்டும் மானமான வேலைதான், ஆனால் அவள் கனவு காணும் ஆராய்ச்சி அதுவல்ல. அதற்கு முதுகலையாவது வேண்டும். இன்னொன்று: இந்தப் பட்டம் இருந்தால் ஆஸ்பத்திரி லேப்பில் சேரலாம் என்று பலர் நம்புகிறார்கள். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பருக்குத் தனிப் படிப்பும் பதிவும் உண்டு. பின்னால் வருத்தப்படாமல் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

படிவம் ஆறில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளி வகுப்பு) வேதியியலை விடவே கூடாது. உயிரியல் மட்டும் போதாது. கணிதமோ இயற்பியலோ கூட இருக்கட்டும். மலேசிய அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் உயிர்வேதியியலோடு விவசாய உயிர்த்தொழில்நுட்பத்தையும் போடச் சொல்லுங்கள். 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய செர்டாங் புத்ரா பல்கலைக்கழகமும், பாங்கியிலுள்ள மலேசியச் செம்பனை வாரியமும் அந்தத் துறையில் ஆய்வு செய்பவைதான். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை நோய்பிடித்த மரத்தைக் கண்ணால் கண்டவள். நேர்காணலில் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். (நம் பிள்ளைகள் அதைத்தான் மறைக்கிறார்கள்.)

ஒரே சோதனை பத்துமுறை தோற்றாலும் பதினோராவது முறை செய்யும் பொறுமை இருக்கிறதா என்று மட்டும் அவளிடம் கேட்டுப் பாருங்கள். மதிப்பெண்ணைவிட எனக்கு அந்தப் பதில்தான் முக்கியம்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். இளங்கலைக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்வி நிதியின் கடன் உண்டு, அது கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். முதுகலையில், பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து மாதப்படி தரும் உதவியாளர் இடங்கள் உண்டு. படி எவ்வளவு, எத்தனை மாதம் என்று சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.